மாஃபி ரிலீசு

கேம்ப் கேட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏழு கிலோமீட்டர். அதில் பாதியைத் தாண்டியிருந்தேன். தோளில் ரெக்சின் பை, கக்கத்தில் சுருட்டிய கம்பளி, காலில் கம்பெனி பூட்ஸ். பூட்ஸைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். ஹெல்மெட்டைக் கொடுத்தேன், கையுறையைக் கொடுத்தேன். என் செருப்பு அறுந்து கிடந்ததால் பூட்ஸ் விஷயத்தில் மட்டும் எனக்கு ஞாபகமறதி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை என்பதால் ஜல்லி லாரிகள் ஓடவில்லை. மற்ற நாளில் அந்த ரோட்டில் நடக்கிற மனிதன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் வெள்ளைக்காரனாகத்தான் மெயின் ரோடு போய்ச் சேருவான்.

ராஸ் அல் கைமா மலைகளின் அழகைப் பற்றி நிறையப் பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மூன்று வருடமாக அந்த மலையைக் கல்லுடைக்கிற கிரஷர் தின்பதையும், தின்றது போக மிச்சத்தைப் பெல்ட்டுக்கு அடியிலிருந்து நான் வாரிப் போட்டதையும் அவர்கள் பார்க்கவில்லை. அன்று காலை திரும்பிப் பார்த்தபோது எனக்கும் அழகாகத்தான் தெரிந்தது. இனிமேல் திரும்பி வர வேண்டாம் என்றால் எந்த இடமும் அழகுதான். அன்று எனக்கு ரிலீஸ்.

வளைகுடாவில் வேலை பார்க்காதவர்களுக்கு ரிலீஸ் என்றால் சினிமா. அங்கே அது ஒரு தாள். நம்மை விசா கொடுத்து அழைத்துவரும் முதலாளிக்கு ஸ்பான்சர் என்று பெயர், அரபியில் கஃபீல். 'இவனை விட்டேன், வேறு யாரிடம் வேண்டுமானாலும் போய் வேலை பார்க்கட்டும்' என்று அவர் கையெழுத்துப் போட்டால் அது ரிலீஸ். போடாவிட்டால் அவரிடமே கிடக்கலாம். இல்லையென்றால் ஊருக்குப் போகலாம். இல்லையென்றால் ஓடிப்போனவன் என்று பெயர் எழுதப்பட்டு, போலீஸ் வண்டியைக் கண்டால் சந்துக்குள் திரும்புகிற வாழ்க்கை வாழலாம். பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில் இருக்கும். நமக்கு ஊர் சுற்றுகிற கால். ஒரே இடத்தில் மூன்று வருடம் என்பது என் வாழ்க்கையில் பள்ளிக்கூடத்துக்குக்கூடக் கொடுக்காத மரியாதை. அதனால் ரிலீஸ் என்ற தாளைத் தவிர வேறு எதையும் நான் ஒரு வருடமாக நினைக்கவில்லை.

தண்ணீர் டாங்கர் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. டிரைவர் பாகிஸ்தான் பட்டாணியர். "ஆஜா பாய்" என்று கதவைத் திறந்துவிட்டார். ஏறி உட்கார்ந்ததும் டாஷ்போர்டில் கிடந்த போனை அமுக்கினார். கரகரவென்று கிரஷர் சத்தம், அதற்கு மேல் ஒரு குரல்.

மலையத் திங்கிற மெசினுக்குள்ள
மண்ணாப் போச்சு எம்பொழுது
கபீலு வூட்டுக் கதவத் தட்டிக்
கேட்டேன் ரிலீசு - அவன்
கையை விரிச்சுச் சிரிச்சுச் சொன்னான்
மாஃபி ரிலீசு!

மாஃபி என்றால் இல்லை. அரபியில் நாங்கள் முதலில் கற்றுக்கொண்ட வார்த்தை அதுதான். எதைக் கேட்டாலும் அதுதான் பதில் என்பதால் சீக்கிரம் மனப்பாடம் ஆகிவிடும்.

டிரைவர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டு, "மாஃபி ரிலீஸ்! மாஃபி ரிலீஸ்!" என்று கூடவே பாடினார். மற்ற வரி ஒன்றும் அவருக்குப் புரியாது. புரிய வேண்டிய வரி புரிந்திருந்தது.

"பாய், யே மேரா கானா," என்றேன். இது என் பாட்டு.

அவர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. தன் வண்டியில் ஏறுகிற ஒவ்வொரு மதராசியும் இதையேதான் சொல்கிறான் என்றார். போன வாரம் ஏறினவன் அழுதே காட்டினானாம்.

நான் அழவில்லை. ஆனால் பாட்டு என்னுடையதுதான். பெல்ட்டுக்கு அடியில் நின்று மண்வெட்டியால் ஜல்லி வாருகிறபோது பாடியது. கிரஷர் ஓடும்போது பாடினால் பாடுகிறவனுக்கே கேட்காது, அதனால் யாரும் தைரியமாகப் பாடலாம். எங்கள் பக்கத்தில் நாற்று நடும்போது பாடுகிற ஒரு மெட்டு, எட்டாம் வகுப்பு வரை படித்த தமிழ், மற்றபடி கஃபீல் கொடுத்த பொருள். ஒருநாள் மெஷின் ரிப்பேராகித் திடீரென்று நின்றபோது நான் பாட்டை நிறுத்தவில்லை. அறைக்காரன் ஒருவன் புதுசாக வாங்கிய கேமரா போனில் பதிவு செய்துவிட்டான். மறுபடி மெஷின் ஓடிய சத்தமும் அதில் விழுந்துவிட்டது. அதைத்தான் பிறகு பின்னணி இசை என்று சொன்னார்கள்.

அது புளூடூத் வந்த காலம். போனோடு போனை ஒட்ட வைத்தால் பாட்டு தாண்டிவிடும். ஆறு மாதத்தில் அஜ்மான், சார்ஜா, அபுதாபி என்று எல்லாக் கேம்பிலும் ஓடியது. பாட்டுக்கு விசா வேண்டாம், கஃபீல் வேண்டாம். எனக்குக் கிடைக்காதது எல்லாம் அதற்குக் கிடைத்தது. ஓமனில் இருக்கிற சலாலாவிலிருந்து எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவர் போன் செய்தார்.

"இங்க உன் பாட்டுதான்யா ஓடுது. நீ கட்டுனதுன்னு சொன்னேன், ஒரு பய நம்பலை."

"நீங்க நம்புறீங்களா?"

"எனக்கும் சந்தேகமாத்தான் இருக்கு. அதான் போன் போட்டேன்."

சலாலாவில் யாரோ திருப்பிப் பாடிய பதிவில் எனக்குத் தெரியாத இரண்டு சரணம் கூடியிருந்தது. அதில் ஒன்று என்னுடையதைவிட நன்றாக இருந்தது. அந்தப் பதிவை நான் யாருக்கும் அனுப்பவில்லை.

இந்தச் சமயத்தில்தான் பர் துபாயிலிருந்து எங்கள் கேம்புக்குப் பொங்கல் கொண்டாட வந்தார்கள். நாலு கார், ஒரு பேனர், டிரம்மில் சர்க்கரைப் பொங்கல், ஒரு போட்டோகிராபர். பொங்கலைத் தின்றது நாங்கள், கொண்டாடியது அவர்கள். கூட்டிவந்தவர் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் மேனேஜர், தமிழர் சங்கத்தில் கலைச் செயலாளர். நல்ல மனிதர். இந்தக் கதையில் நடந்த கெட்டதெல்லாம் அவருடைய நல்ல மனதால் நடந்தது. சார் என்றுதான் கூப்பிட்டேன், இப்போதும் அப்படியே சொல்கிறேன்.

"இந்த மாஃபி ரிலீஸ் பாட்டு உங்களோடதுன்னு சொல்றாங்களே, நிஜமா?"

"ஆமா சார்."

"என்னங்க இது! இது மக்கள் கலைங்க. தெம்மாங்குங்க. என் ஆபீஸ்ல பாகிஸ்தானி கூடப் பாடுறான். உங்களுக்கு நான் ஏதாவது செய்யணும். என்ன வேணும், சொல்லுங்க."

கேட்டதும் சொல்லிவிட்டேன். "ரிலீஸ் வேணும் சார்."

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "என் மனசுல இருந்ததை அப்படியே சொல்லிட்டீங்க. பண்ணிடலாம். என்ன, அதுக்கு முதல்ல ஒரு நல்ல ஸ்பான்சர் பிடிக்கணும்."

"ஸ்பான்சர் கிடைச்சாப் போதும் சார். மத்ததை நான் பார்த்துக்கிறேன்."

"நீங்க ஒண்ணும் பார்க்க வேண்டாம். எல்லாம் என் பொறுப்பு."

ஒரு மனிதன் இதற்கு மேல் எவ்வளவு தெளிவாகப் பேச முடியும்?

அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை போன் பேசுவோம். ஸ்பான்சர் யோசிக்கிறார் என்பார். "எதுக்கு சார் யோசிக்கிறாரு? எந்த வேலைன்னாலும் செய்வேன்னு சொல்லுங்க," என்பேன். "உங்க பணிவு இருக்கே!" என்று உருகுவார். பிறகு ஒருநாள், "ஸ்பான்சர் ஓகே சொல்லிட்டார். வார்த்தைல மட்டும் சில மாற்றம் கேட்கிறார்," என்றார்.

"அக்ரிமெண்ட்ல இருக்கிறதை மாத்தச் சொல்றாரா சார்?"

"அப்படித்தான் வச்சுக்குங்களேன். உங்களுக்கு வருத்தம் இல்லையே?"

"எதை வேணாலும் மாத்திக்கட்டும் சார். நாள் மட்டும் தள்ளிப் போடாம இருந்தாச் சரி."

கடைசியாக அந்த வாரம் திங்கட்கிழமை கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமை உங்க ரிலீஸ்! ஸ்பான்சர் நேர்லயே வர்றார். மேடையில வச்சுக் கொடுத்துடறோம். மூணு மணிக்கு வந்துடுங்க."

வியாழக்கிழமை சாயந்தரம் நான் சொத்துப் பிரித்தேன். ஏசிக்கு நேர் கீழே இருந்த கட்டில் பெல்ட் ஆபரேட்டருக்கு. ரைஸ் குக்கர் எதிர்க் கட்டில்காரனுக்கு. அதோடு நிறுத்தியிருக்கலாம். மெஸ் வரிசையில் தட்டோடு நூறு பேர் நின்றுகொண்டிருந்தபோது கேம்ப் பாஸ் வந்தார். தூத்துக்குடிப் பக்கத்து மனிதர். குளிக்கிற தண்ணீருக்கு வால்வு சாவி அவர் இடுப்பில் இருக்கும். சாயந்தரம் இருபது நிமிடம் திறந்துவிட்டு, விசில் ஊதி மூடிவிடுவார். சோப்புப் போட்டவன் சோப்போடு நிற்க வேண்டியதுதான்.

"அண்ணாச்சி," என்றேன். "நீங்க தொறந்து விட்ட தண்ணியில மூணு வருசத்துல என் முதுகு முழுசா ஒருதடவை நனையலை. நாளைக்கு ஊர்ல கோயில் கட்டுனாலும் கும்பாபிஷேகத்துக்கு இருபது நிமிசம்தான் விடுவீங்க. அப்புறம் அந்த விசில். எங்க ஊர்ல அதை ஊதுனா ஆடுகூடத் திரும்பாது."

நூறு தட்டு குலுங்கியது. அவர் கோபப்படவில்லை என்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"பேசி முடிச்சிட்டியால? ரிலீஸ் பேப்பர் எங்க, காட்டு பாப்போம்."

"நாளைக்கு மேடையில தர்றாங்க."

"மேடையிலயா? ஏல, லேபர் ஆபீசை எப்பம்ல மேடையில போட்டான்?"

அந்தக் கேள்வியை நான் யோசித்திருக்க வேண்டும். சிரிப்புச் சத்தத்தில் சரியாகக் காதில் விழவில்லை என்று பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறேன். நன்றாகவே விழுந்தது.

டாங்கர்காரர் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டார். அங்கிருந்து வேன் பிடித்து, துபாய் தேராவில் இறங்கி, அப்ரா என்கிற படகில் க்ரீக்கின் அக்கரைக்குத் தாண்டி, மீனா பஜார் சந்துகளில் விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. சைவ ஓட்டலுக்கு மாடியில் ஹால். வாசலில் ஆளுயர பேனர். அதில் தென்னை மரம், மாட்டு வண்டி, சூரிய உதயம், குடம் தூக்கிய பெண். கிரஷர் இல்லை. ஆல்பத்துக்கு மண், வாசனை என்று முடிகிற ஏதோ ஒரு பெயர்.

'பாட்டும் இன்றைக்கே வருகிறதா, ஒரே நாளில் இரண்டு சந்தோஷம்' என்றுதான் நினைத்தேன். சத்தியமாக.

சார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னங்க, பேண்ட் சட்டையில வந்துட்டீங்க?"

"ஸ்பான்சரைப் பார்க்கணுமே சார். இன் பண்ணிட்டு வந்தேன்."

"கொஞ்சம் கிராமியமா இருக்க வேண்டாமா?"

எனக்காக ஒரு வேட்டி வாங்கி வைத்திருந்தார்கள். இடுப்பில் ஒட்டிக்கொள்கிற வேட்டி. கட்டத் தெரியாதவர்களுக்காகக் கண்டுபிடித்தது. பத்து வயதிலிருந்து வேட்டி கட்டுகிறவனுக்கு இரண்டு பேர் சேர்ந்து அதை ஒட்டிவிட்டார்கள். தலையில் ஒரு துண்டு. முண்டாசு அவிழாமல் இருக்கப் பின்னால் ஊக்கு. சாரின் மனைவி வந்து, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு, கீழே சொல்லி ஒரு தட்டு சாம்பார் சாதம் வரவழைத்தார். அன்று பூராவும் எனக்குப் புரிந்த ஒரே வாக்கியம் அதுதான்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, "சார், ரிலீஸ் பேப்பர் எங்க இருக்கு?" என்றேன்.

"பேப்பரா? பேப்பர்லயும் வரும், கவலைப்படாதீங்க. ரிப்போர்ட்டர் வந்திருக்கார்."

"இல்ல சார்... ஸ்பான்சர்?"

"அதோ, முதல் வரிசையில. போய் ஒரு வணக்கம் சொல்லிடுங்க."

வெள்ளைச் சட்டை, பை நிறையப் பேனா, பெரிய மனிதர். தேராவில் மொத்தப் பேரீச்சம்பழ வியாபாரம். பக்கத்தில் போய்க் கும்பிட்டேன்.

"முதலாளி, வணக்கம். நான் எந்த வேலைன்னாலும் செய்வேன்."

"நீங்கதானா அந்தப் பாட்டு? ரொம்ப சந்தோசம் தம்பி. வார்த்தை மாத்துனதுல உங்களுக்கு மனக்குறை ஒண்ணும் இல்லையே?"

"எந்த வார்த்தை முதலாளி?"

அவர் மடியிலிருந்த சிடி உறையை விரித்துக் காட்டினார். என் பாட்டு அச்சில் இருந்தது. கஃபீல் வீடு மாமன் வீடாகியிருந்தது. கையை விரித்தவன் மஞ்சள் பூசிய கையால் அள்ளிக் கொடுக்கிற மாமன் மகளாகியிருந்தான்.

மாமன் வூட்டுக் கதவத் தட்டிக்
கேட்டேன் பேரீச்சு - அவ
மஞ்சக் கையால் அள்ளித் தந்தா
மாமன் பேரீச்சு

"ரிலீசுன்னு இருந்த இடத்துல பேரீச்சு எப்படி உக்காந்திருக்கு பார்த்தீங்களா? சந்தம் இடிக்கலைன்னு சங்கத்துக் கவிஞரே சொல்லிட்டார். நமக்கும் கடை விளம்பரம் மாதிரி ஆச்சு."

"முதலாளி... என் விசா?"

"விசாவா?" அவர் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "எங்க தம்பி, கடையில கோட்டாவே முடிஞ்சு போச்சே. நிகழ்ச்சி முடிஞ்சதும் வாசல்ல ஆளுக்கு ஒரு டப்பா பழம் தர்றோம், மறக்காம வாங்கிட்டுப் போங்க."

மூன்று வருடம் கிரஷர் பக்கத்தில் நின்றவனுக்குக் காது கொஞ்சம் மந்தம். அப்போதுதான் எல்லாம் ஒன்றாகக் கேட்டது. ரிலீஸ், ஸ்பான்சர், வார்த்தை மாற்றம், மேடை. சாரை மேடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன்.

"சார், நான் கேட்டது இந்த ரிலீஸ் இல்லை."

"வேற எந்த ரிலீஸ்?"

"கம்பெனியிலேருந்து ரிலீஸ் சார். விசா மாத்துற ரிலீஸ்."

அவர் முகத்தில் இருந்த ரத்தம் எங்கோ போயிற்று. "அப்ப ஸ்பான்சர் ஸ்பான்சர்னு நீங்க சொன்னது...?"

"கஃபீலைத்தான் சார்."

"ஐயோ. முன்னாடியே தெளிவாச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"ரிலீஸ்னுதானே சார் சொன்னேன்."

"நானும் அதைத்தானேங்க சொன்னேன்!"

இரண்டு பேர் மீதும் தப்பு இல்லை. ஒரு வார்த்தை, இரண்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. துபாயில் எல்லாருமே அப்படித்தான். அவர் மேலே பேச வாயைத் திறப்பதற்குள் மைக்கில் எங்கள் இருவரையும் மேடைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மேடையில் எனக்கு மூன்றாவது நாற்காலி. சிறப்பு விருந்தினர் பேசினார். "இந்தப் பாடலை எழுதியது எந்தத் தனி மனிதனும் அல்ல. இந்தப் பாடலை மண் எழுதியது," என்றார். கை தட்டினார்கள். மண் ஒட்டுகிற வேட்டியோடு மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்து, சனிக்கிழமைக் காலை ஐந்து மணி ட்யூட்டி பஸ்ஸை நினைத்துக்கொண்டிருந்தது. அதில் ஏறாதவனை இரண்டு நாள் பார்ப்பார்கள் என்பதெல்லாம் நல்ல கம்பெனிகளில். எங்கள் கம்பெனியில் அன்றைக்கே ஓடிப்போனவன் என்று எழுதிவிடுவார்கள். என் கட்டில் போய்விட்டது. கேம்ப் பாஸை நூறு தட்டுக்கு முன்னால் பேசியாகிவிட்டது. கையில் ரிலீஸ் இல்லை, மேடையில் ரிலீஸ் நடந்துகொண்டிருந்தது. பொன்னாடை போர்த்தினார்கள். மார்ச் மாதத்து ஹாலில் அது நன்றாகவே வியர்த்தது.

ஸ்பான்சர் முதல் சிடியை வெளியிட, விருந்தினர் பெற்றுக்கொண்டார். பிறகு பாட்டு. முறையாகச் சங்கீதம் படித்த அம்மா ஒருவர் பாடினார். நல்ல குரல். வரிகளில் இருந்த பள்ளம் மேடெல்லாம் நிரவி, தார் போட்டது மாதிரி பாடினார். பின்னால் புல்லாங்குழல், உடுக்கை, எல்லாம் டேப்பிலிருந்து வந்தது.

ஹாலின் பின்பக்கம் ஓட்டல் சர்வர்கள், வந்தவர்களுடைய டிரைவர்கள், கட்டடத்து வாட்ச்மேன் எல்லாரும் சுவரோரம் நின்றிருந்தார்கள். அந்த அம்மா "கேட்டேன் பேரீச்சு" என்று பாடியதும் பின்னாலிருந்து ஒரு குரல், "ரிலீசு!" என்றது. சிரிப்பு. அடுத்த சுற்றில் பத்துக் குரல். மேடை மாமன் பேரீச்சு என்றது, சுவர் மாஃபி ரிலீசு என்றது. டேப் நிற்காது என்பதால் அந்த அம்மாவும் நிறுத்தவில்லை, பாவம். மூன்றாவது சுற்றில் முதல் வரிசையைப் பார்த்தேன். ஸ்பான்சரின் வாயும் தன்னையறியாமல் மாஃபி ரிலீசு என்றுதான் அசைந்துகொண்டிருந்தது. ஆறு மாதம் கேட்ட பழக்கம்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அந்த நேரத்தில் எனக்கு அந்த வரி பாட்டாகக் கேட்கவில்லை. இருபது பேர் சேர்ந்து எனக்கு பதில் சொல்வது மாதிரி இருந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் சார் வந்தார். வேட்டியைப் பிரித்துவிட்டு நான் பேண்ட் மாட்டிக்கொண்டிருந்தேன். "நம்பர் கொடுங்க, உங்க கேம்ப்ல நானே பேசறேன்," என்றார். பேசினார். மக்கள் கலை என்றார், தவறான புரிதல் என்றார், மனிதாபிமானம் என்றார். பிறகு போனை என்னிடம் நீட்டினார். "உங்ககிட்ட பேசணுமாம்."

"ஏல," என்றார் கேம்ப் பாஸ். "ரிலீஸ் ஆயிட்டியா?"

"பாட்டு ஆயிருச்சு அண்ணாச்சி."

அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "சரி கேளு. நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு ட்யூட்டி பஸ்ல நின்னேன்னா உன் பேரு பழைய லிஸ்ட்லயே இருக்கும். எனக்கு ஒண்ணும் தெரியாது. கட்டில் கிடையாது, கீழ படுத்துக்க. ஆனா ஒண்ணு. மெஸ் லைன்ல நின்னு என்னவெல்லாம் சொன்னியோ, அதே லைன்ல நின்னு எல்லாம் தப்புன்னு சொல்லணும்."

யோசித்தேன். அவசரப்படாமல் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன்.

"விசிலைப் பத்திச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன் அண்ணாச்சி. ஆடு திரும்பும்."

"தண்ணி?"

"தண்ணி பத்தலைன்னு சொன்னது தப்பா?"

"தப்புதான்."

"அப்ப நாளையிலேருந்து பத்துமா?"

"கிறுக்குப் பயலே," என்றார், அதிகக் கோபமில்லாமல். "உன் பாட்டு என் போன்லயும்தாம்ல கெடக்கு. அதுக்காகச் சொல்லுதேன். அஞ்சு மணி. யோசி." வைத்துவிட்டார்.

சார் அப்ரா துறை வரைக்கும் கூடவே நடந்து வந்தார். காரில் விடுகிறேன் என்றார், அக்கரைக்குத்தானே, படகில் போய்விடுகிறேன் என்றேன். கேம்பில் கொடுக்கச் சொல்லி இருபது சிடி ஒரு பையில் போட்டுத் தந்தார். "அடுத்த ரிலீஸ்..." என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். "அடுத்த ஆல்பத்துல வார்த்தையை மாத்தாமப் போடறோம்," என்றார். அவரால் முடிந்ததைச் சொன்னார். கேம்பில் யாரிடமும் சிடி ஓடுகிற பெட்டி கிடையாது என்று நான் சொல்லவில்லை.

தேராவில் ராஸ் அல் கைமா வேன் நின்றது. ஆள் நிறைந்து ஒரு சீட் மட்டும் பாக்கி. "ராஸ் அல் கைமா, ஏக் ஆத்மி, ஏக் ஆத்மி! யல்லா!" என்று டிரைவர் கத்திக்கொண்டிருந்தார். ஒரு ஆள் போதும். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சீட்டில் உட்கார்ந்தால் ராத்திரி தரையில் படுக்கை, காலை ஐந்து மணிக்கு பஸ், ஆறு மணிக்குப் பெல்ட்டுக்கு அடியில். சாயந்தரம் மெஸ் வரிசையில் நின்று தண்ணீர் போதும் என்று நூறு பேரிடம் சொல்ல வேண்டும். அவர்கள் அத்தனை பேர் உடம்பிலும் சோப்பு காய்ந்திருக்கும்.

நன்றாக யோசித்து எடுத்த முடிவு என்று எழுத ஆசைதான். கால் ஏறவில்லை, அவ்வளவுதான். டிரைவர் மூன்று முறை கேட்டுவிட்டு, பின்னால் நின்ற ஒரு பெங்காலியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சிடிப் பையை ஒரு டீக்கடைப் பெஞ்சில் வைத்தேன். எடுக்கவில்லை. பழ டப்பாவை வைத்துக்கொண்டேன், அது சாப்பாடு.

அதற்கப்புறம் நாலு வருடம் நான் ஓடிப்போனவர்கள் லிஸ்ட்டில் இருந்தேன். ஒரு பொதுமன்னிப்பு வந்தபோதுதான் விரல் ரேகை வைத்துவிட்டு ஊருக்குப் போக முடிந்தது. அது வேறு விஷயம்.

மறுநாள் விடிந்ததும் க்ரீக் ஓரமாக நடந்தேன். மர லாஞ்சுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி நாலு வரிசையாகக் கட்டியிருந்தன. கரை முழுக்க டயர், மெத்தை, அட்டைப்பெட்டி, பழைய ஃப்ரிட்ஜ். எல்லாம் சோமாலியாவுக்கோ ஈரானுக்கோ போகிற சரக்கு. லோடிங் மேஸ்திரி ஒரு பலூச்சி. கார்டு கேட்பார், பெயர் கேட்பார் என்று பொய்கள் எல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. குனியச் சொன்னார். முதுகில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். எங்கே வேலை பார்த்தாய் என்றார். மலையில் என்றேன். தலையை ஆட்டினார்.

ஃப்ரிட்ஜை என் முதுகில் சாய்த்து, கயிற்றை நெற்றி வழியாகப் போட்டு இறுக்கினார்கள். பலகை ஆடும், அது ஆடுகிற பக்கமே நீயும் போ, எதிர்த்து மிதிக்காதே, நாலாவது லாஞ்சில் கொண்டுபோய் நிற்க வை, படுக்க வைத்தால் கேஸ் போய்விடும் என்று இந்தியில் சொன்னார். முதல் லாஞ்சைத் தாண்டும்போது எதிர்த்து மிதித்துவிட்டேன். மூன்றாவது தாண்டும்போது பழகிவிட்டது. மத்தியானத்துக்குள் பதினொரு ஃப்ரிட்ஜ் இறக்கினேன். பன்னிரண்டாவதாக வாஷிங் மெஷின் ஏற்றினார்கள்.